சிங்கப் படம் போட்ட பெட்டி

எங்கள் வீட்டு முன்னறையில் என் சம்மதம் இல்லாமல் எதுவும் வந்து உட்கார்ந்ததில்லை. துக்கம் சொல்ல வருகிறவர்களும், பெண் கேட்டு வருகிறவர்களும், நிலத் தகராறு கொண்டுவருகிறவர்களும் அந்த அறையில்தான் காத்திருப்பார்கள். குடும்பத் தலைவன் வீட்டு நாற்காலி ஒரு கால் ஆடினாலும் ஊர் அதைப் பேசும். ஆகவே என் தங்கை மகள் பொகுவா, மூலை நசுங்கிப் பழுப்பேறிய ஒரு தகரப் பெட்டியைத் தூக்கி வந்து அந்த அறை மேசைமேல் வைத்தபோது நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். பெட்டியின் நெற்றியில் ஏதோ ஒரு வங்கியின் பெயர் ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

"கேபினட் மாமா. கம்ப்யூட்டர் இதுக்குள்ளதான் இருக்கப்போகுது."

"வங்கியைக் கொள்ளையடிச்சியா?"

"கிளையை மூடிட்டாங்க. சாமானெல்லாம் அடும் கடைத்தெருவுக்கு வந்துடுச்சு. கிட்டத்தட்ட இனாம்."

"அந்த ஸ்டிக்கரையாவது உரிச்சிடு."

சிரித்துக்கொண்டே உரித்தாள். பெயர் போனது, வெயில் படாத இடத்தில் அந்தப் பெயரின் வடிவம் மட்டும் வெளுப்பாக அப்படியே நின்றது.

பொகுவா என் தங்கை நியார்கோ விட்டுப்போன ஒரே பிள்ளை. அவள் தொழில் சாவு வீட்டுப் படம் எடுப்பது. குமாசியில் சனிக்கிழமைதான் அடக்க நாள்; ஊர் முழுக்கத் துக்கத் துணியின் கறுப்பும் சிவப்பும்தான்; அந்தக் கூட்டத்துக்கு நடுவே கேமராவோடு அவளும் நிற்பாள். யார் அழுதார்கள், யார் ஆடினார்கள், எந்தச் சம்பந்தி எத்தனை பேரோடு வந்தார் என்று எல்லாம் அதில் பதியும். பிறகு வீட்டில் உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டிக் கோத்து, பாட்டுப் போட்டுக் கொடுப்பாள். நாற்பதாம் நாள் கூட்டத்தில் அதைத் திரையில் ஓட்டுவார்கள். அவளுடைய பழைய லேப்டாப் மழைக்காலத்தோடு கண்ணை மூடிவிட்டது. புதிதாக முழு கம்ப்யூட்டர் வாங்க வசதி இல்லை. ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கித் தானே பூட்டிக்கொள்கிறேன் என்றாள்.

அதிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சே இல்லை. ஃபுஃபு உருண்டையை ஒரு கையால் கிள்ளிக்கொண்டு மறு கையில் போனைப் பிடித்தபடி, எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்று எனக்கு விளக்குவாள். நான் கேட்காதவன்போல் சூப்பைக் குடிப்பேன். ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"பிராசசர் பழசு போதும் மாமா. அது கிழடானாலும் புத்தி மழுங்காது."

"யாரைச் சொல்றே?"

"பிராசசரைச் சொல்றேன். கிராபிக்ஸ் கார்டும் பழசுதான், சின்னது. விளையாடுற பசங்களுக்குத்தான் பெருசு வேணும். ராம் ரெண்டும் ஒரே மாதிரி ஜோடியா இருக்கணும், இல்லன்னா ஒண்ணு இழுக்க ஒண்ணு நிக்கும். டிஸ்க் மட்டும் புதுசு. அதுல கஞ்சத்தனம் கூடாது. படம் அழிஞ்சுபோச்சுன்னா செத்தவரைத் திரும்ப எழுப்பிப் புதைக்கவா முடியும்?"

"வாயைக் கழுவு."

"அப்புறம் பவர் சப்ளை. அதுதான் இதோட இதயம். நம்ம ஊர் கரண்டு போறதும் வர்றதும் உங்களுக்கே தெரியும். மத்த எது போனாலும் அது மட்டும்தான் போகும். இது போனா பக்கத்துல இருக்கிற எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போகும்."

"அப்போ அதையாவது புதுசா வாங்கு."

"நல்லது புதுசா வாங்க நமக்குக் கட்டாது. மலிவான புதுசுக்கு நல்ல பழசு எவ்வளவோ மேல். அடும்ல கடை வச்சிருக்கிற இசாக்கா அண்ணன் ஒண்ணு எடுத்து வச்சிருக்கார். வெளிநாட்டுல ஏதோ ஆபீஸ்ல ஓடினது. பிரிச்சுப் படம் எடுத்து போன்ல அனுப்பினார், உள்ள அவ்வளவு சுத்தம்."

"யாரோடது?"

"யாருக்குத் தெரியும்?"

"அந்த ஆள் உயிரோட இருக்காரா?"

"மாமா, அது ஆபீஸ்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பலில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பழந்துணியைச் செத்த வெள்ளைக்காரன் துணி என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். அதில் ஒரு கைக்குட்டைகூட நான் தொட்டதில்லை. செத்தவர் பொருள் செத்தவருடையது. உறவு கூடி உட்கார்ந்து, இன்னது இன்னாருக்கு என்று பங்கிட்டுக் கொடுக்கும்வரை அதில் கை வைக்கக் கூடாது. நியார்கோ போனபோது அவளுடைய பெட்டியை, துணிகளை, தையல் மெஷினை எல்லாம் ஓர் அறையில் போட்டுப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் முடிந்துகொண்டேன். அம்மாவின் தலைத்துணி ஒன்று மட்டும் வேண்டும் என்று பொகுவா அழுதாள். வருஷம் திரும்பிக் கூட்டம் உட்காரும்வரை நான் கொடுக்கவில்லை. அப்படிக் காத்த மனிதன் நான். இப்போது பெயர் தெரியாத எவனோ விட்டுப்போன இதயம் என் முன்னறையில் துடிக்கப்போகிறது என்றால் எப்படி இருக்கும்?

மற்றப் பாகங்களை எல்லாம் அவள் வாங்கி வந்துவிட்டாள். பவர் சப்ளையை மட்டும் இசாக்கா ஒரு நாள் பூராவும் ஓடவிட்டுப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தான். சனிக்கிழமை அவளுக்கு பன்டாமாவில் பெரிய வேலை. மரக்கடை முதலாளி ஒருவரின் அடக்கம். அதுவரை அவளைத் தேடி வந்ததிலேயே பெரிய குடும்பம் அதுதான். நான் வாங்கி வருகிறேன் என்றேன். எனக்கும் ஒரு துக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே அடும் போனேன்.

இசாக்கா முஸ்லிம்கள் குடியிருக்கும் ஸோங்கோ பேட்டையைச் சேர்ந்தவன். குல்லா போட்ட ஒல்லியான ஆள், நாற்பது வயதிருக்கும். கடை ஒரு கதவு அகலம். உள்ளே கம்பிகளும் பலகைகளும் கூரைவரை தொங்கின.

"வாங்க பாபா. தங்கச்சி போன் பண்ணுச்சு. இந்தாங்க. நேத்து பூரா ஓட்டினேன், ஒரு இருமல்கூட இல்ல."

தூசி படிந்த சாம்பல் நிறப் பெட்டி. பக்கவாட்டில் ஆணியால் இழுத்தாற்போல் நீளமாக ஒரு கீறல். இசாக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்து, ஒரு திருகாணியின் தலையில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தான்.

"என்ன அது?"

"என் பொண்டாட்டியோட நகப்பாலிஷ் பாபா. கேட்டா சண்டைக்கு வருவா. இந்தச் சிவப்பு இருந்தா அது என் சாமான். நாளைக்கு ஒண்ணுன்னா நான் பதில் சொல்வேன். இல்லன்னா அது எவன் சாமானோ."

பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான்.

தெரு முனையில் பாடு எதிரே வந்தார். எங்கள் குலத்திலேயே இன்னொரு கிளைக்குத் தலைவர். என் நாற்காலியின் மீது அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். அவரும் கறுப்புத் துணியில் இருந்தார். நான் கைகொடுக்கப் போன நேரம் பார்த்துத் தாள் கிழிந்தது. சாம்பல் பெட்டி ஒரு மூலையை வெளியே நீட்டியது. அதன் தூசி என் துணியில் வெள்ளையாக அப்பியது.

"என்ன அசாரே, பழைய இரும்பு யாவாரம் ஆரம்பிச்சிட்டீங்களா? சொல்லியிருந்தா வீட்டுல ஓட்டைச் சட்டி ரெண்டு இருந்துச்சே, எடுத்தாந்திருப்பேன்."

கூட வந்தவர்கள் மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவர்கள் போகும்வரை அங்கேயே நின்றேன்.

அந்த முனையில்தான் கண்ணாடி போட்ட கடை. வரிசையாகப் பளபளக்கும் அட்டைப் பெட்டிகள்; ஒவ்வொன்றின் மேலும் கர்ஜிக்கிற சிவப்புச் சிங்கம். கடைக்காரன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"உள்ள வாங்க பெரியவரே. உங்களை மாதிரி ஒருத்தர் இதைச் சுமந்துக்கிட்டுப் போகலாமா? இது எந்தப் பொணத்து வீட்டுல கழட்டினதோ. புதுசு பாருங்க, சீல் உடைக்காதது. கையில வாங்கிப் பாருங்க, எவ்வளவு கனம். கனம் இருந்தா சரக்கு இருக்குன்னு அர்த்தம்."

வாங்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது. பழையதை எடுத்துக்கொண்டு மேலே கொஞ்சம் பணமும் வாங்கிக்கொண்டு சிங்கத்தை என் கையில் கொடுத்தான். அதைப் பை இல்லாமலே, எல்லாரும் பார்க்கிறாற்போல் பிடித்துக்கொண்டு துக்க வீட்டுக்குப் போனேன்.

மாலையில் பொகுவா வந்து பார்த்தாள்.

"மாமா, இது புதுசா இருக்கே."

"ஆமாம்."

"இசாக்கா அண்ணன் குடுத்தாரா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது ஒன்றும் பெரிய பாவம் இல்லை. நான் மாற்றினேன், என் காசு, என் இஷ்டம் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அவள் தேர்ந்தெடுத்ததை அவளைக் கேட்காமல் மாற்றியதற்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் பாடுவின் சிரிப்பு. அதை என் தங்கை மகளிடம் நான் எப்படிச் சொல்வது?

"அவன்தான் குடுத்தான்," என்றேன்.

"அவர் குடுத்தா சரியாத்தான் இருக்கும்," என்றாள். பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தாள். கனம் அவளையும் ஏமாற்றியது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் பூட்டிவிட்டாள். பொத்தானை அழுத்தியதும் உள்ளே விசிறி சிவப்பாக எரிந்து சுழன்றது. வங்கிப் பெயரின் வெளுப்புக்குப் பின்னால் அந்தச் சிவப்பு எனக்கு அழகாக இருந்தது. மறுநாள் வந்தவர்களிடம் நானே காட்டினேன்.

கொஞ்ச நாள் ஓடியது. பன்டாமா படத்தை முக்கால்வாசி கோத்துவிட்டாள். ஒரு மத்தியானம் கரண்டு போனது. திரும்பி வந்ததும் அவள் மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். கொஞ்சம் பொறுத்துக் கரண்டு மீண்டும் போய், இந்தத் தடவை வேகமாக வந்தது. பட்டாசு வெடித்தாற்போல் ஒரு சத்தம். கருகிய மீன் மாதிரி ஒரு நாற்றம் முன்னறையெல்லாம் நிறைந்தது.

அவள் கத்தவில்லை. பெட்டியைத் திறந்து, மதர்போர்டில் கருகிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பவர் சப்ளையைக் கழற்றி, திருகுகளை எடுத்து, மூடியைத் தூக்கினாள். உள்ளே சிறுபிள்ளை செய்தாற்போல் இரண்டொரு பாகம். மீதி இடத்தில் ஒரு கட்டி சிமெண்ட். கனத்துக்காக வார்த்து ஒட்டியிருந்தார்கள்.

"இசாக்கா அண்ணனா," என்றாள். அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது அப்போதுதான்.

தனியாகப் போய்ச் சண்டை போடுகிற பெண்ணாக எங்கள் வீட்டுப் பெண் இருக்கக் கூடாது என்று நானும் கூடப் போனேன். ட்ரோட்ரோ வண்டியில் அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. வழி நெடுகச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் சொல்லலாம், அடுத்த நிறுத்தத்தில் சொல்லலாம் என்று அடும் வந்துவிட்டது.

அவள் சிமெண்ட் கட்டியோடு அந்தப் பெட்டியை இசாக்காவின் பலகைமேல் வைத்தாள்.

"அண்ணே, இதை எதுக்குக் குடுத்தீங்க? வீடு கட்டவா?"

அக்கம்பக்கத்துக் கடைகளிலிருந்து தலைகள் நீண்டன. எதிர்க் கடைக்காரன் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தான்.

இசாக்கா பெட்டியை எடுத்துத் திருப்பினான். ஒவ்வொரு திருகாணியின் தலையையும் பார்த்தான். என்ன தேடுகிறான் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் அவன் பின்னால் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

"தங்கச்சி, இதை வீட்டுக்குக் கொண்டாந்தது யாரு?"

"எங்க மாமா. ஏன், அவர் மேல பழி போடப் போறீங்களா? எங்க வீட்டுல பொய் பேசற பழக்கம் கிடையாது அண்ணே. அவர் எங்க குடும்பத் தலைவர்."

அவள் தலையை நிமிர்த்திய விதம், நாடியைத் தூக்கிய விதம், எல்லாம் என்னுடையது. நான் சொல்லிக்கொடுத்தது.

இசாக்கா குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்து மறுபடியும் போட்டுக்கொண்டான். "பெரியவர் மேல எனக்கென்ன சந்தேகம். என் கடைக்குன்னு வந்து வாங்கினது. நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கறதா? எத்தனை பேருக்கு இப்படிக் குடுத்திருக்கீங்க?"

எதிர்க் கடைக்காரனால் அடக்க முடியவில்லை. "இசாக்கா, எனக்கும் ஒரு மூட்டை போடேன். சுவர் பூசணும்."

"மணல் சேர்த்துத்தானா, இல்ல தனியா வாங்கணுமா?" என்றது இன்னொரு குரல்.

தெரு முழுக்கச் சிரித்தது. இசாக்கா சிரிக்கவில்லை. டிஸ்க்கைக் கொண்டுவரச் சொன்னான். அது பிழைத்திருந்தது. உன் பெட்டி சரியாகும்வரை என் கடை மெஷினில் உட்கார்ந்து படத்தை முடி என்று அவளுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே அதில் உட்கார்ந்தாள். நான் வீட்டுக்கு வந்தேன்.

ஒரு வாரத்துக்குள் வேறு மதர்போர்டும் வேறு பவர் சப்ளையும் கொடுத்துவிட்டான். பொகுவா அதைக் கொண்டுவந்து பூட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். தூசி படிந்த சாம்பல் பெட்டி. பக்கவாட்டில் நீளமாக அதே கீறல். ஒரு திருகாணியின் தலையில் சிவப்புப் பொட்டு.

கண்ணாடிக் கடைக்குப் போய்த் தன் பொருளையே காசு கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறான். அங்கே அது எப்படி வந்தது, யார் கொடுத்தார் என்றும் கேட்டிருப்பான். கறுப்புத் துணி போட்ட ஒரு கிழவர் என்று சொல்லியிருப்பார்கள்.

"பழசு குடுத்தாலும் இது நல்லா இருக்கு மாமா," என்றாள் பொகுவா. "இப்போ பயந்துட்டார் போல."

அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. வயிறு சரியில்லை என்றேன். அதுவும் பொய்தான், ஒன்று வந்தால் அதன் பின்னாலேயே இன்னொன்று வருகிறது.

பொகுவா சும்மா இருக்கவில்லை. படம் எடுக்கிற அவள் கூட்டாளிகள் எல்லாருக்கும், அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். தெருவில் அவன் பெயரே மாறிவிட்டது. சிமெண்ட். முதலில் கேலிக்குச் சொன்னார்கள். பிறகு அடையாளத்துக்குச் சொன்னார்கள். டீ கொண்டுவருகிறவள்கூட, "சிமெண்டுக்கு ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

கேட்டேன் என்றால், போயிருந்தேன். சொல்லிவிடுவது என்று உறுதி செய்துகொண்டு போவேன். அவன் எழுந்து, "வாங்க பாபா, என்ன வேணும்?" என்பான். அதில் ஏளனம் இருக்காது. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் வாய் திறக்கும். "ஒரு மவுஸ் குடு," என்று வரும். எடுத்துக் கொடுப்பான். வாங்கிக்கொண்டு வருவேன். மறுபடியும் போவேன். மறுபடியும் மவுஸ்.

எங்கள் வழக்கத்தில் பெரியவன் ஒருவன் தப்பு செய்தால் தானாகப் போய்க் கெஞ்ச மாட்டான். தனக்குமேல் ஒருவரைப் பிடித்து, அவர் வாயால் மன்னிப்புக் கேட்பான். எனக்குமேல் யார் இருக்கிறார்கள்? பாடுவைக் கேட்கலாம். அவர் மகிழ்ச்சியோடு வருவார். வரும் வழியில் குமாசி முழுவதற்கும் சொல்லிவிட்டு வருவார்.

ஒரு நாள் காலையில் பொகுவா என் அலமாரியில் பேட்டரி தேடினாள். திரும்பி வந்தபோது அவள் இரண்டு கையிலும் வால் வாலாக மவுஸ்கள் தொங்கின.

"மாமா, இது என்ன எலிப்பண்ணை?"

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். பிறகு சொன்னேன். பாடுவின் சிரிப்பு, சிங்கம், சிவப்புப் பொட்டு, எல்லாம். அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் மவுஸ்களை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தாள்.

"நான் அவரை ஊரெல்லாம் திருடன்னு சொல்லியிருக்கேன் மாமா."

"தெரியும்."

"அவர் ஸ்டூல் போட்டுக் குடுத்தார். அதுல உக்காந்துக்கிட்டே போன்ல சொல்லியிருக்கேன். அவர் காதுல விழற மாதிரி."

நான் ஒரு மவுஸின் வாலைச் சுருட்டி வைத்தேன்.

"அம்மாவோட தலைத்துணியைக் கேட்டப்போ, செத்தவங்க பொருளைத் தொட்டா வீடு கெடும்னு சொன்னீங்க. இப்போ வீட்டைக் கெடுத்தது எது?"

அவள் வயதில் என் மாமாவிடம் நான் இப்படிப் பேசியிருந்தால் கன்னம் சிவந்திருக்கும். கேட்டுக்கொண்டேன்.

"எனக்கு ஒரு வாய் வேணும்," என்றேன் கடைசியில். "அவன்கிட்ட எனக்காகப் பேச. வேற யாரையும் கேக்க முடியல."

"என்னையா?"

"உன்னைத்தான். உனக்கும் நான் செஞ்ச தப்புதான். அதனால இப்போ எனக்குமேல இருக்கிறது நீதான்."

மவுஸ்களையெல்லாம் மேசை ஓரத்துக்கு ஒதுக்கினாள். "சரி. ஆனா கடைக்குள்ள இல்ல. தெருவுல. நான் கத்தினது தெருவுலதான்."

வெள்ளையும் நீலமும் போட்ட பெரிய துணியை உடுத்திக்கொண்டேன். வழக்கப்படி மது பாட்டில் கொண்டுபோக வேண்டும். இசாக்கா தொழுகிற ஆள். ஸோங்கோ சந்தையில் நல்ல கோலாக் கொட்டையாகப் பார்த்து இலையில் பொதிந்து எடுத்துக்கொண்டோம். கடை எதிரே தெரு நடுவில் நின்று, தோளிலிருந்து துணியை இறக்கி இடுப்பில் சுற்றினேன். செருப்பிலிருந்து காலை எடுத்து மண்ணில் வைத்தேன். அரசர் முன்னால் தவிர நான் அப்படி நின்றதில்லை. எதிர்க் கடை ஸ்பீக்கர் தானாகவே நின்றது.

இசாக்கா வாசலுக்கு ஓடி வந்தான். "பாபா, வேணாம். உள்ள வாங்க."

பொகுவா கையை நீட்டித் தடுத்தாள். "அண்ணே, எங்க மாமா என் வாயால பேச வந்திருக்கார். கேளுங்க."

நான் அவள் காதுக்கு மட்டும் சொன்னேன். அவள் தெருவுக்குச் சொன்னாள்.

"எங்க மாமா சொல்றார். நீங்க குடுத்த சாமான் நல்ல சாமான். உங்க சிவப்புப் பொட்டு அதுல இருந்துச்சு."

நான் அடுத்ததைச் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சத்தமா சொல்லுங்க மாமா. எனக்குக் கேக்கல."

கேட்டிருந்தது. அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். நான் சத்தமாகவே சொன்னேன்.

"நீ குடுத்ததை முனைக் கடையில மாத்தினது நான். சிமெண்ட் கட்டியைக் கொண்டுபோனது நான். நீதான் குடுத்தேன்னு பொய் சொன்னதும் நான்."

தெரு சிரிக்கும் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. முனையில் கண்ணாடிக் கடையின் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. பொகுவாவும் தன் பங்குக்குத் தன் வாயாலேயே மன்னிப்புக் கேட்டாள்.

இசாக்கா இலையைப் பிரித்தான். ஒரு கொட்டையைக் கடித்து மென்றான்.

"அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் பாத்தேன் பாபா, நீங்களே வந்து சொல்வீங்கன்னு. அப்புறம் மறுநாள்னு நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் நீங்க மவுஸ் கேட்டீங்க. எடுத்துக் குடுத்தேன்."

"அப்பவே என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே?"

"வயசான மனுஷனைச் சந்தையில நிக்க வச்சுப் பொய்யன்னு சொல்லிட்டு நாளைக்கு நான் எப்படி யாவாரம் பண்றது? மரியாதை பாதி, யாவாரம் பாதி."

"கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. இன்னும் இருக்கு." இன்னொரு கொட்டையை எடுத்தான். "கோலா நல்லா இருக்கு."

என் துணியை அவனே எடுத்துத் தோளில் போட்டுவிட்டான். அவன் விரல்களில் ஈயம் பற்றவைத்த வாசனை.

பன்டாமா படம் நாற்பதாம் நாளில் ஓடியது, எல்லாரும் மெச்சினார்கள். பொகுவா தன் கூட்டாளிகளையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்து அவன் கடையில் விட்டாள். வியாபாரம் திரும்பியது. பாடு இன்றுவரை என்னைக் கண்டால் சுவர் பூசுவது பற்றிப் பேசுகிறார், பேசட்டும். ஆனால் ஒன்று மட்டும் திரும்பவில்லை. தெரு அவனை இன்னும் சிமெண்ட் என்றுதான் கூப்பிடுகிறது. இப்போது அதில் கெட்ட எண்ணம் இல்லை; வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான். ஆயுள் முழுக்க ஒரு பெயரைக் காத்து நின்றவன் நான். இன்னொருவன் பெயரை ஒரே மாலையில் எடுத்துவிட்டேன்; தெரு நடுவில் நின்றும் அதைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

போன வாரம் அந்தத் தெருவில் போய்க்கொண்டிருந்தேன். வெளியூர்க்காரன் ஒருவன், கையில் பழைய மதர்போர்டோடு என்னை நிறுத்தினான்.

"பெரியவரே, இங்க சிமெண்ட் கடை எது? கம்ப்யூட்டர் சாமான் விக்கிறவராம். நல்ல மனுஷன்னு சொன்னாங்க."

"நீ தேடற ஆளோட பேரு இசாக்கா," என்றேன். "பச்சைக் கதவு போட்ட கடை. சிமெண்ட் நான்தான்."

அவன் விழித்தான். நான் துணியைச் சரிசெய்துகொண்டு நடந்தேன்.